நெய்வேலியில் வேலியோர வெண்பூச் செடிகள்

வேலியை அல்லது சுற்றுச்சுவரை ஒட்டி நீளவாக்கில் அமைக்கப்படும் பூப்பாத்தியை ஆங்கிலத் தோட்ட நூல்கள் ‘பார்டர்’ என்று குறிப்பிடுகின்றன. நாம் அதை வேலியோரப் பாத்தி எனலாம். ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் இருந்து பூக்கும் செடிகள் பல்லாண்டுச் செடிகள் ஆகும். வேலியோரப் பாத்தியின் பின்வரிசைக்கு ஆள் உயரம் வரை வளரும் பல்லாண்டுச் செடிகளையும், அவற்றில் வெண்ணிறப் பூ உடையவற்றையும் தேர்ந்தெடுப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். கடலூர் மாவட்டம் நெய்வேலி நகரியத்தின் மண்ணிலும் வெயிலிலும் அத்தகைய செடிகளில் எவை நிலைக்கும், எவை நிலைக்காது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள சிசிங்ஹர்ஸ்ட் மாளிகைத் தோட்டத்தில், எழுத்தாளர் விட்டா சாக்வில்-வெஸ்ட் 1950ஆம் ஆண்டையொட்டி வெள்ளைப் பூக்களும் சாம்பல் நிற இலைகளும் மட்டுமே கொண்ட ஒரு பகுதியை அமைத்தார். வெண்தோட்டம் என்றதும் தோட்டக்கலை மாணவர்களுக்கு அதுவே நினைவுக்கு வரும். ஆனால் அங்கே பூக்கும் டெல்ஃபினியத்தின் விதையை வாங்கி வந்து நெய்வேலியில் விதைத்தால் என்ன ஆகும் என்று எனக்கு அனுபவத்தில் தெரியும். 1980களில் உதகைக்குக் கல்விச் சுற்றுலா போனபோது டெல்ஃபினியம் விதையும் சாஸ்தா டெய்சிக் கன்றுகளும் வாங்கி வந்தேன். உறைமேல் ‘மிகவும் தாக்குப்பிடிக்கும் பல்லாண்டுச் செடி’ என்று அச்சிட்டிருந்தது. டெல்ஃபினியம் நான்கு விரல் உயரம் வந்தது. டெய்சி தை மாதத்தில் இரண்டு பூ பூத்தது. சித்திரை பிறந்தபோது பாத்தியில் இரண்டுமே இல்லை. விற்றவர் பொய் சொல்லவில்லை. ‘தாக்குப்பிடிக்கும்’ என்ற சொல்லுக்கு நான் தவறான பொருள் எடுத்துக்கொண்டேன்.

தாக்குப்பிடித்தல் என்றால் எதை?

குளிர்நாட்டு நூல்களில் அச்சொல்லுக்கு ஒரே பொருள்தான்: உறைபனியில் சாகாமை. அமெரிக்க வேளாண்துறை 1960இல் வெளியிட்ட செடித்தாங்கு மண்டல வரைபடம் ஒவ்வோர் ஊரின் குளிர்கால மிகக் குறைந்த வெப்பநிலையை மட்டுமே அளவுகோலாகக் கொண்டது. உறைபனியே காணாத நெய்வேலிக்கு அந்த வரைபடத்தால் பயன் எதுவும் இல்லை. இக்குறையை உணர்ந்துதான் அமெரிக்கத் தோட்டக்கலைக் கழகம் 1997இல் வெப்ப மண்டல வரைபடம் ஒன்றை வெளியிட்டது. அது ஆண்டில் எத்தனை நாள் வெப்பம் 30 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது என்று கணக்கிடுகிறது. நமக்கு மாசி முதல் ஐப்பசி வரை பெரும்பாலான நாட்கள் அந்தக் கணக்கில் வந்துவிடும்.

குளிர்நாட்டுச் செடிகள் பலவற்றுக்குக் குளிர்காலம் ஓர் ஓய்வுக் காலம். சில வாரங்கள் குளிரில் கிடந்தால்தான் அவற்றுக்குப் பூமொட்டு உருவாகும். நம் ஊரில் இந்த ஓய்வு கிடைப்பதில்லை. இரவு வெப்பமும் ஒரு காரணம். பகலில் ஒளிச்சேர்க்கையால் சேர்த்த மாவுச்சத்தை இரவில் செடி சுவாசித்துச் செலவிடுகிறது. இரவு சூடாக இருந்தால் செலவு கூடும். வரவைவிடச் செலவு மிகுந்த குடும்பம் போல அச்செடி மெலிந்துகொண்டே போய் மடியும். ஆகவே நண்பகலில் நிழல் கொடுத்தோ, கூடுதலாகத் தண்ணீர் ஊற்றியோ அதைக் காப்பாற்ற முடியாது.

நெய்வேலியில் ஒரு செடி தாக்குப்பிடிக்க வேண்டியவை மூன்று. முதலாவது கத்திரி வெயில். இங்குள்ளது செம்மண்ணும் சரளையும் கலந்த நிலம். சுற்றுவட்டாரத்தின் முந்திரிக் காடுகளுக்கு ஏற்றது. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைவு. வைகாசியில் கடப்பாரை போட்டால் ‘டங்’ என்று ஓசை வரும் அளவுக்கு இறுகிவிடும். இரண்டாவது ஐப்பசி, கார்த்திகை அடைமழை. இறுகிய அதே மண்ணின் பள்ளங்களில் நாள்கணக்கில் தண்ணீர் நிற்கும். வேர் மூச்சுத் திணறி அழுகும். மூன்றாவது புயல் காற்று. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலை நெய்வேலிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சாலைகளை மூடி நிழல் தந்த மரங்கள் ஒரே காலையில் சாய்ந்தன. உயரமான செடி எதை நட்டாலும் அந்தக் காலையை நினைவில் வைத்தே நட வேண்டும்.

இந்த மூன்று தேர்விலும் தேறிய வெண்பூச் செடிகளை இனிப் பார்ப்போம்.

நந்தியாவட்டை

பின்வரிசைக்கு இதைவிடச் சிறந்த செடி எனக்குத் தெரிந்து இல்லை. தாவரவியலில் இது டாபர்னேமொன்டானா டைவரிகேட்டா. அரளி, நித்தியகல்யாணி ஆகியவற்றின் குடும்பமான அப்போசைனேசியைச் சேர்ந்தது. விட்டால் எட்டு அடிக்கும் மேலே போகும். கவாத்து செய்தால் ஐந்து அடியில் நிற்கும். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 பூக்களில் ‘நந்தி’ என்பது இதுவே என்று உரைகாரர்கள் கொள்கின்றனர். அப்படியானால் நம் நிலத்தின் வெயிலோடு இதற்குள்ள பழக்கம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்குக் குறையாதது.

இதில் ஒற்றை, அடுக்கு என இரு வகைகள் உண்டு. ஒற்றையில் ஐந்து இதழ்கள் காற்றாடி இறக்கை போல ஒரே பக்கமாகத் திரும்பியிருக்கும்; மாலைக்குப் பிறகு மெல்லிய மணம் வரும். அடுக்கு வகை ரோஜா போல நெருங்கிய இதழ்கள் கொண்டது. கண்ணுக்கு நிறைவு, மணம் குறைவு. எங்கள் வட்டத்தில் (நகரியத்தின் பகுதிகளை இங்கே வட்டம் என்றுதான் சொல்வோம்) பூசைக்குப் பறிப்பவர்கள் ஒற்றையையும், அழகுக்கு வளர்ப்பவர்கள் அடுக்கையும் வைப்பார்கள். வேலியோரத்துக்கு இரண்டையும் மாற்றி மாற்றி நடலாம்.

தானே புயலில் எங்கள் வீட்டு முருங்கை இரண்டாக முறிந்து விழுந்தது. அதன் அடியில் சிக்கிய மூன்று நந்தியாவட்டைகளும் கிளை பிளந்து கிடந்தன. பிடுங்கி எறிய மனமில்லாமல் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டேன். தையிலேயே தளிர்த்தன, கோடையில் பூத்தன. அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தளிர்க்கும் இந்தக் குணம்தான் புயல் வரும் ஊரில் ஒரு செடிக்கு வேண்டிய முதல் தகுதி.

போத்து வைப்பது எளிது. பென்சில் பருமனுள்ள, முக்கால் அடி நீளக் கிளையை ஆடி அல்லது ஆவணியில் வெட்டி, அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, வடியும் பாலை ஈரத்துணியால் துடைத்து, நிழலான ஈரமண்ணில் பாதி ஆழம் ஊன்ற வேண்டும். ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். நடும்போது செடிக்குச் செடி நான்கு அடியாவது விடுக. ‘இவ்வளவு இடமா?’ என்று தோன்றும். மூன்றாம் ஆண்டில் தோன்றாது.

ஒரு நாள் காலையில் இலைகள் மொட்டையாக இருப்பதைக் கண்டு பதறி, மருந்து தெளிக்க ஓடுபவர்கள் உண்டு. கிளைகளைக் கவனித்துப் பார்த்தால் விரல் பருமனில் ஒரு பச்சைப் புழு இருக்கும். தலைக்கருகே இரண்டு நீல நிறக் கண்கள் போன்ற புள்ளிகளும், வாலில் ஒரு குட்டிக் கொம்பும் இருக்கும். அவை உண்மைக் கண்கள் அல்ல. பறவைகளை மிரட்டும் வேடம். இது டாஃப்னிஸ் நெரி என்ற அந்துப்பூச்சியின் புழு. அரளியையும் நந்தியாவட்டையையும் தின்று, மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, ராணுவச் சீருடை போன்ற பச்சை வரிகள் கொண்ட அழகிய பூச்சியாக வெளிவரும். ஒரு செடிக்கு ஓரிரு புழுக்கள்தான் இருக்கும். செடி மறுபடி தளிர்த்துவிடும். பள்ளியில் இதைவிட நல்ல உயிரியல் பாடம் கிடைக்காது. ஒரு கண்ணாடிப் புட்டியில் மண்ணும் இலையும் போட்டு வளர்த்துப் பாருங்கள்.

நந்தியாவட்டைப் பூவைக் கண்ணுக்கு மருந்தாகச் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. மூடிய இமைமேல் குளிர்ச்சிக்குப் பூவை வைப்பது வேறு. காம்பைக் கசக்கிச் சாற்றைக் கண்ணில் விடுவது வேறு. இச்செடியின் பால் கண்ணை உறுத்தும். இரண்டாவதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

வெள்ளரளி

நான்குவழிச் சாலைகளின் நடுத்திட்டில் மைல்கணக்கில் நிற்கும் செடி அரளி. லாரிப் புகை, அனல் காற்று, தண்ணீரின்மை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு ஆண்டு முழுதும் பூக்கும். இதன் வெள்ளை வகை எட்டு முதல் பத்து அடி வரை வளரும். குறுகிய, தோல் போன்ற இலைகளின் அடிப்புறத்தில் நுண்ணிய குழிகளும், அவற்றுக்குள் இலைத்துளைகளும் உண்டு. காற்று நேரடியாகப் படாததால் நீர் ஆவியாவது குறைகிறது. கோடையை இது வெல்வதன் ரகசியம் அதுதான். அழகிலும் உறுதியிலும் நந்தியாவட்டைக்குச் சற்றும் குறையாது.

ஆனால் வேர், பட்டை, இலை, பூ என அரளியின் எல்லாப் பகுதியும் நஞ்சு. அதிலுள்ள ஓலியாண்ட்ரின் என்ற பொருள் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும். 2024 மே மாதத்தில் கேரளத்தின் திருவிதாங்கூர் தேவசம் வாரியம் தன் கோயில்களில் நைவேத்தியத்துக்கும் பிரசாதத்துக்கும் அரளிப் பூவைப் பயன்படுத்துவதை நிறுத்தியது. தின்னும் பொருளோடு அது கலக்கக் கூடாது என்பதே காரணம்.

ஒருமுறை சாரணர் முகாமில் பையன்கள் சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சுடுவதற்கு நேரான குச்சி தேடினார்கள். வேலியோரத்தில் வளர்ந்திருந்த அரளியின் கிளைகள் அளவெடுத்தது போல நேராக இருந்தன. உரித்து, கூர் சீவி, கிழங்கைக் குத்தித் தணலில் காட்டிக்கொண்டிருந்ததைத் தற்செயலாகப் பார்த்தேன். அவ்வளவையும் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னேன். பையன்களுக்குப் பசி, என்மேல் கோபம். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பாடப்புத்தகத்தில் அரளியின் குடும்பப் பெயரைக் கேட்டு மதிப்பெண் போடுகிறோம். அந்தச் செடி நஞ்சு என்பதை எந்தத் தேர்விலும் நான் கேட்டதில்லை.

எனவே தவழும் குழந்தை, ஆடு, மாடு உள்ள வீட்டில் வெள்ளரளி வேண்டாம்; நந்தியாவட்டையே போதும். வளர்ப்பவர்கள் கவாத்து செய்யும்போது கையுறை அணிய வேண்டும். வெட்டிய கிளைகளை எரிக்கக் கூடாது; புகையும் கெடுதல். யாராவது தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்த்து நேரம் கடத்தாமல், அந்தச் செடியின் கிளை ஒன்றையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

விஷமூங்கில்

பெயரில் மூங்கில் இருந்தாலும் இது மூங்கில் அல்ல. அல்லி போன்ற பூவுடைய கிழங்குச் செடி. தாவரவியல் பெயர் கிரைனம் ஏசியாட்டிகம். மூன்று, நான்கு அடி உயரத்துக்கு அகன்ற இலைகள் விசிறி போல விரியும். நடுவிலிருந்து தடித்த தண்டு எழுந்து, அதன் நுனியில் இருபதுக்கும் மேற்பட்ட வெண்பூக்கள் சிலந்திக் கால் போன்ற ஒடுங்கிய இதழ்களோடு விரியும். மாலையில் மணம் கூடும்.

இது கடற்கரை மணலுக்கு உரிய செடி. வெயிலையும் உப்புக் காற்றையும் தாங்கும். கார்த்திகையில் வேரடியில் சில நாள் தண்ணீர் நின்றாலும் பொறுக்கும். பாத்தியின் எந்தப் பள்ளத்தில் வேறெதுவும் நிலைக்கவில்லையோ, அங்கே இதை நடலாம். இதன் விதை எலுமிச்சை அளவுக்குப் பெரியது, தண்ணீரில் மிதக்கும். அப்படி மிதந்துதான் கடற்கரை கடற்கரையாகப் பரவுகிறது. விதையை மேசைமேல் சும்மா வைத்தாலே மண்ணும் நீரும் இல்லாமல் முளைவிடும். வகுப்பில் வைத்துக் காட்டினால் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள்!

பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. கிழங்கில் லைகோரின் என்ற நச்சு உண்டு. பார்வைக்குப் பெரிய வெங்காயம் போல இருப்பதால், தோண்டியதைச் சமையலறைப் பக்கம் வைக்கக் கூடாது. மழைக்காலத்தில் கறுப்பு உடலில் வெள்ளைத் திட்டும் சிவப்புப் புள்ளியும் கொண்ட புழுக்கள் கூட்டமாக வந்து இலையைத் துளைக்கும். நந்தியாவட்டைப் புழு போல இவற்றை விட்டுவைக்க முடியாது. கூட்டம் பெரிதானால் ஒரே வாரத்தில் குருத்துவரை தின்றுவிடும். குச்சியால் தட்டிச் சோப்புத் தண்ணீரில் விழச் செய்வதே போதுமானது.

நிலசம்பங்கி

முன்வரிசைக்கு உரியது. சம்பங்கி என்றால் செண்பக மரத்தின் பூவையும் சிலர் நினைப்பதால், நிலசம்பங்கி என்று சொல்வது குழப்பத்தைத் தவிர்க்கும். மெக்சிகோவிலிருந்து வந்த இக்கிழங்குச் செடியை இன்று சத்தியமங்கலம், நிலக்கோட்டைப் பக்கங்களில் ஏக்கர் கணக்கில் பயிரிடுகிறார்கள். இலை புல் போலத் தாழ்வாக இருந்தாலும் பூத்தண்டு மூன்று அடிவரை நிமிரும்.

இதற்கு நீர் தேங்கினால் ஆகாது. முன்வரிசைப் பாத்தியைத் தரையிலிருந்து அரை அடி உயர்த்தி, மட்கிய தொழு உரமும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்து, ஆனி, ஆடியில் கிழங்கை நட வேண்டும். வேர்முடிச்சு நூற்புழு இதன் முதல் எதிரி. செடி காரணமின்றி மஞ்சளித்துக் குன்றினால் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். மணிமணியாக முடிச்சுகள் தெரிந்தால் அதுதான். பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘சிருங்கார்’ என்ற ஒற்றை ரகம் நூற்புழுவை ஓரளவு தாங்கும். கிழங்கு வாங்கும்போது ரகத்தைக் கேட்டு வாங்குவது நல்லது.

சம்பங்கி வாசனைக்குப் பாம்பு வரும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பூவின் மணத்தை நாடிப் பாம்பு வருவதில்லை. அடர்ந்த செடியும் ஈரமும் இருக்கும் இடத்தில் தவளையும் எலியும் சேரும். அவற்றைத் தேடித்தான் வரும். காரணம் எதுவானாலும் எச்சரிக்கை தேவைதான். வேலிக்கும் பின்வரிசைக்கும் இடையே ஓரடி வெற்றிடம் விட்டுச் சருகை அவ்வப்போது பெருக்கி எடுப்பதும், இரவில் பூப்பறிக்கக் கைவிளக்கோடு போவதும் நல்லது.

வேறு சில

தண்ணீர்க் குழாயடியில் எப்போதும் ஈரமும் அரைநிழலும் இருந்தால் வெள்ளை இஞ்சிப்பூச் செடி நான்கைந்து அடி வளர்ந்து, வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்தது போலப் பூக்கும். கியூபாவின் தேசிய மலர் இதுவே. திறந்த வெயிலில் இலை கருகிவிடும். வெள்ளெருக்கு யாரும் கவனிக்காமலே வளரும். ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கலாம். வெள்ளைச் செம்பருத்தியை நான் இப்போது பரிந்துரைப்பதில்லை. மாவுப்பூச்சியோடு மல்லுக்கட்ட வயதில்லை.

வெண்பூ ஏன் மாலையில் மணக்கிறது?

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை மாலைக்குப் பிறகே மணம் கூடுபவை. இது தற்செயல் அல்ல. இரவில் வரும் அந்துப்பூச்சிகளுக்குச் சிவப்பும் நீலமும் இருளில் எடுபடாது. நிலவொளியையும் விண்மீன் ஒளியையும் நன்கு திருப்பி அனுப்பும் வெள்ளையே தெரியும். தூரத்திலிருந்து அழைக்க மணம், அருகில் வந்ததும் வழிகாட்ட வெண்மை. நீண்ட குழல் வடிவப் பூக்களின் அடியிலுள்ள தேனை எட்டும் அளவுக்கு அப்பூச்சிகளின் உறிஞ்சுகுழலும் நீண்டிருக்கும். பகல் முழுதும் வெளியே தலைகாட்ட முடியாத ஊரில், மாலை ஆறு மணிக்குமேல் திண்ணையில் உட்காரும்போது மணப்பதும் கண்ணுக்குத் தெரிவதும் வெண்பூதான். நெய்வேலிக்கு வெள்ளை நிறத்தை நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

நடவும் பராமரிப்பும்

பாத்தி ஆறு அடி அகலமாவது இருக்கட்டும். பின்வரிசைக் குழி ஒவ்வொன்றும் ஒன்றரை அடி நீள, அகல, ஆழம். தோண்டிய சரளையைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மேல்மண்ணோடு சம பங்கு மட்கிய இலைக்குப்பையைக் கலந்து நிரப்ப வேண்டும். நகரியத்தில் மரங்களுக்குப் பஞ்சமில்லை. சருகைக் கொளுத்தாமல் ஒரு குழியில் ஓர் ஆண்டு மட்கவிட்டால் உரத்துக்குச் செலவே இல்லை. நடுவதற்கு ஆடியும் ஆவணியும் ஏற்றவை. முதல் கோடை மட்டும் வாரம் இருமுறை ஆழமாகத் தண்ணீர் விட்டு, வேரடியில் மூன்று விரல் கனத்துக்குச் சருகு மூடாக்கு போட வேண்டும். தினமும் சிறிது சிறிதாக ஊற்றினால் வேர் மேலேயே நின்றுவிடும். அடுத்த கோடையில் வாடும். கவாத்தைப் புரட்டாசியில் முடித்துவிடுவது நல்லது. கிளை அடர்த்தி குறைந்தால் மார்கழிக் காற்று செடிக்குள் புகுந்து போய்விடும்.

நகரியக் குடியிருப்பு நமக்குச் சொந்தமில்லை. பணி ஓய்வு பெற்றதும் சாவியைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். பல்லாண்டுச் செடி வைப்பதில் உள்ள சங்கடம் அது. நான் வீட்டைக் காலி செய்ததற்கு முந்தைய ஆடியில் நந்தியாவட்டையில் பன்னிரண்டு போத்துகள் எடுத்துப் பால் பாக்கெட் உறைகளில் ஊன்றினேன். ஒன்பது பிழைத்தன. விஷமூங்கிலின் பக்கக் கன்று இரண்டையும், மூன்றாண்டு ஆகிவிட்டதால் எப்படியும் பிரித்து நட வேண்டியிருந்த சம்பங்கிக் கிழங்குகளில் பாதியையும் சாக்கில் கட்டிக்கொண்டேன். தாய்ச்செடிகள் அங்கேயே நிற்கின்றன. போன மாதம் அவ்வழியே போனபோது, புதிதாகக் குடிவந்த வீட்டம்மா கூடையோடு அடுக்கு நந்தியாவட்டை பறித்துக்கொண்டிருந்தார்.